அவருக்குக் கிடைத்த சனிக்கிழமை

எண்பதுகளின் நடுவில், மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை என்று உத்தரவு வந்தது. ஊழியர்கள் ஓய்வெடுக்க வேண்டுமாம், குடும்பத்தோடு இருக்க வேண்டுமாம். என் கணவர் அப்படி ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. அன்று சாயங்காலம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். நானும் சந்தோஷமாக ஒரு துண்டு தின்றேன், மடச்சி.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். எங்களுக்குச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு. ஒரு மணிக்கு வீடு திரும்பி, இருட்டும்வரை அஞ்சல் வழி எம்.ஏ.வுக்குப் படிப்பேன். வாரத்தில் அந்தப் பொழுது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. பாக்கி ஒரே ஒரு தாள். அதில் தேறிவிட்டால் ஜூனில் மேல்நிலை வகுப்புக்கு என்னையே போடுவதாகத் தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமையே அவருடைய ஆபீஸ் சகாக்கள் நாலு பேர் சீட்டாட வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

"ஒரு நாள் லீவு போடேன். கெஸ்ட் வர்றப்போ வீட்ல ஆள் இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்து லீவு போட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது எனக்கு வயிறு வலித்தாக வேண்டும். காலையிலிருந்து வடை, கேசரி. காபி டம்ளரில் சிகரெட் சாம்பல், என் கட்டில்மேல் எவனுடைய அழுக்குக் காலோ. சீ! ஓய்வாம் ஓய்வு. அவர்கள் ஓய்வெடுக்க நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்துகொண்டிருந்தேன்.

டிசம்பரில் பரீட்சைத் தேதி வந்தது. பார்த்தால் சனிக்கிழமை. லீவுக் கடிதத்தோடு போய் நின்றேன். தலைமை ஆசிரியை பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க வயித்துவலி எல்லாம் சனிக்கிழமையாவே வருது டீச்சர். இப்போ பரீட்சைன்றீங்க. எதை நம்புறது? இங்க அரையாண்டுப் பரீட்சை வேற. லீவே கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கெஞ்சினேன். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன்னு."

"நல்லா இருக்கே! சீட்டாடப் பொண்டாட்டியை லீவு போட வெச்சேன்னு ஒரு லேடிகிட்ட போய்ச் சொல்லவா? என் மானம் என்னாகுறது? அடுத்த வருஷம் எழுதிக்கோ."

பரீட்சை நாளன்று பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஒரு மணிக்கு வீடு வந்தால், கூடத்தில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசற்படியில் நின்றபடியே கத்தினேன்: "இன்னைக்கு எனக்கு எம்.ஏ. பரீட்சை. உங்களுக்கு வடை சுட லீவு போட்டுப் போட்டே அது போச்சு."

ஒருவர் உச்சுக்கொட்டினார். "அடடா, அப்படியா சிஸ்டர்? பாவமே," என்று சொல்லிக்கொண்டே ஒரு சீட்டை இறக்கினார். என் கணவர் தலையை நிமிர்த்தவேயில்லை. "அஞ்சு டீ போடு," என்றார்.

ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். அந்த ஐந்து பேர்மேல் எனக்கிருந்த அருவருப்பு என்றைக்கோ பழகிப்போய்விட்டது. ஆனால் அன்று நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், இஞ்சி தட்டிப் போட்டு, ஐந்து டீ போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது.