சீனத் தச்சன் கட்டிலும் சவரிநாதன் கூண்டும்

மலாயாவில் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சவரிநாதன் என்று ஒருவர் இருந்தார். புகைவீட்டில் ரப்பர் தாள்களைக் காயப்போடுவது அவர் பிழைப்பு. மரவேலை அவருடைய பைத்தியம். புகைவீட்டு வேலையை யாரும் குறை சொன்னதில்லை. மரவேலையைக் குறை சொல்லாத ஆள்தான் கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லயத்தில் கிடையாது.

அவர் செய்த முக்காலியில் உட்கார்ந்த பக்கத்து வீட்டு ஆம்புரோஸ், கையிலிருந்த காப்பியோடு வாசல்வரை வழுக்கிக்கொண்டே போனார். கோழிக்கூண்டு ஒன்று அடித்தார். கோழிகள் இஷ்டம்போல் வந்துபோயின; உள்ளே புகுந்த உடும்புக்குத்தான் வெளியே வர வழி தெரியவில்லை. சுவரில் அடித்த சட்டிப் பலகை, மீன் குழம்புச் சட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டது. மனுஷன் அசரவில்லை. குழம்பைத் துடைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி கெர்ட்ரூட் விவரமானவள். கல்யாணப் பேச்சின்போதே, "அவரு கையால செஞ்ச கட்டில்ல நான் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன் அண்ணனை விட்டு பீடோர் சீனத் தச்சனிடம் மெராந்தி மரத்தில் ஒரு கட்டில் செய்து வாங்கிக்கொண்டாள். முனகாத கட்டில் அது. சவரிநாதன் போகும்போதும் வரும்போதும் அதன் காலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடாது. அவருக்கு வயிறு எரியும். தன் கையால் செய்த ஏதாவது ஒன்றை நம்பி இவள் உட்கார்ந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. தோட்டத்து அந்தோணியார் கோயில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. திருவிழாவுக்கு முன்னால் பிரெஞ்சு சாமியார் வந்து, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். ஒளிவு மறைவு இல்லை. யார் எவ்வளவு நேரம் முட்டிபோட்டார்கள் என்பதை வைத்தே லயத்துச் சனம் பாவத்தை எடை போட்டுவிடும். அதற்குப் பயந்து எல்லோரும் பெரிய பாவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, சில்லறைப் பாவங்களை மட்டும் கொண்டுவந்தார்கள். "டவுன் கோயில்ல இருக்கிற மாதிரி, மறைவா பாவம் சொல்ல ஒரு கூண்டு நான் செய்யறேன்" என்று சவரிநாதன் முன்வந்தார்.

"செய்ங்க" என்றாள் கெர்ட்ரூட். "ஆனா சாமி அதுக்குள்ள விழுந்தாருன்னா, ரம்பம், உளி, இழைப்புளி எல்லாத்தையும் ஈயம் தோண்டுன லம்பக் குட்டையில கொண்டுபோய்ப் போட்டுடுவேன்."

பலகைக்கு எங்கே போவது? ரப்பர் தாள் அடுக்கி அனுப்பும் பெட்டிகளுக்கான பலகை, ஸ்டோர் பின்னால் மலைபோல் கிடந்தது. துரையிடமிருந்து எடுத்து ஆண்டவரிடம் சேர்ப்பதில் திருட்டு எங்கே வந்தது என்று சவரிநாதன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, இல்லை என்று தானே ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து வரும்போதெல்லாம் பலகை வந்தது. அவருடைய தோளில் கொஞ்சம், கெர்ட்ரூட்டின் விறகுக் கட்டுக்குள் மீதி.

கூண்டு எழும்பியது. சாமி உட்கார ஓர் அறை, பக்கத்தில் முட்டிபோட ஓர் இடம், நடுவில் துளையிட்ட தட்டி. அதிசயம் என்னவென்றால், ஆடவில்லை. ஆம்புரோஸ் தள்ளிப் பார்த்தார், தொங்கியும் பார்த்தார். "மச்சான், இது நீ செஞ்சதில்லலா" என்று சத்தியம் செய்தார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, கூண்டை மந்திரித்து உள்ளே உட்கார்ந்தார்.

அன்று வரிசை கோயிலைச் சுற்றிவிட்டது. இத்தனை வருஷம் வீட்டிலேயே வைத்திருந்த பாவமெல்லாம் வெளியே வந்தது. போனவர்கள் முகம் தெளிந்து திரும்பினார்கள். கெர்ட்ரூட்டும் போய் வந்தாள். கடைசி ஆளாகச் சவரிநாதன் முட்டிபோட்டார். தன் கூண்டு, தன் தட்டி, தன் பலகை! நெஞ்சு நிறைந்த அந்த நேரத்தில் மனசாட்சி வந்து நெருடியது.

"சாமி, பலகை திருடியிருக்கேன்."

சாமியார் ஏனோ இருமினார். அவர் பேசும் தமிழ் ஜெபப் புத்தகத் தமிழ். "அந்தப் பலகை இப்போது எங்கே இருக்கிறது, மகனே?"

"நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க, சாமி."

உள்ளே சாமியார் நகர்ந்து உட்கார்ந்தார். பலகை லேசாக முனகியது. பிறகு தீர்ப்பு வந்தது. "திருடியதைத் திருப்பி வைக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடான பலகை. வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் மன்னிப்பு."

சவரிநாதன் வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தார். ஈடான பலகை அவரிடம் எது? வீட்டில் நேர்மையாக வந்த மரம் ஒரே ஒரு கட்டில், அதுவும் அவள் சொத்து. அதைக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. சனம் கலைந்ததும் கோயிலுக்குத் திரும்பி, ஆணி பிடுங்கியைக் கூண்டின் முதல் பலகையில் கொடுத்தார். வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒன்றைத் தானே பிரிக்கிறோமே என்று கண்ணில் தண்ணீர் வந்தது.

"அத விடுங்க." பின்னால் கெர்ட்ரூட் நின்றிருந்தாள். "வீட்டுக்கு வந்து கட்டிலப் பிரிங்க."

"கட்டிலையா? எதுக்கு?"

"விறகுக் கட்டுல மறைச்சுக் கொண்டாந்தது யாரு? எனக்கும் அதே பரிகாரந்தான். உங்களுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிட்டேன்."

சாமியார் இருமியதன் காரணம் சவரிநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது.

கட்டிலைப் பிரித்து, இருவரும் மறுபடியும் விறகுக் கட்டுக்குள் ஒளித்துக்கொண்டுபோய் ஸ்டோர் பின்னால் வைத்துவிட்டு வந்தார்கள். பலகை குறைந்ததை இத்தனை நாளும் கவனிக்காத ஸ்டோர்க் கணக்குக் கிராணி அலெக்சாண்டர், கூடியதும் கவனித்துவிட்டார். இழைத்துப் பளபளக்கும் மெராந்தி இங்கே எப்படி வந்தது என்று குழம்பி, ஒரு காவல்காரரைப் போட்டார். அதற்குமேல் அங்கே எதுவும் கூடவில்லை.

கெர்ட்ரூட் பாயில் படுத்தாள். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சாமி அவ்வளவு நேரம் உக்காந்தும் விழலையே. எனக்கும் ஒரு கட்டில் செய்ங்க. பலகைய மட்டும் கேட்டு வாங்குங்க."

கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் கேட்டு, மண்ணெண்ணெய் டின் வரும் பெட்டிகளை வாங்கிவந்து சவரிநாதன் கட்டில் செய்தார். அப்படி ஒரு பயபக்தியோடு அவர் கோயில் கூண்டைக்கூடச் செய்யவில்லை. முடிந்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றார். கெர்ட்ரூட் முதலில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு முழுப் பாரத்தையும் போட்டு மல்லாந்து படுத்தாள். கட்டில் முறியவில்லை. ஒரு கால் மட்டும் குட்டையாக இருந்ததால் டக்கென்று ஒருபக்கம் சாய்ந்தது.

சவரிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறந்து பார்த்தபோது, கெர்ட்ரூட் ஒரு தேங்காய்ச் சிரட்டையை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தாள். அவர் செய்த சாமானில் அவள் சொல்லாமல் விட்ட குறை அது ஒன்றுதான்.