லூர்துசெல்வியின் கறுத்த பாட்டில்

நெல்லித்தோப்பில் லூர்துசெல்வியின் தண்ணீர் டெஸ்ட் லேப் ஒரே ஓர் அறைதான். பெரிய மெஷின் எதுவும் கிடையாது, ஒரு குக்கர் உண்டு. பழைய மருந்து பாட்டில்களை அதில் அவித்தெடுத்து, மருந்தில் ஊறிய காகிதத் துண்டை உள்ளே போட்டு வைத்திருப்பாள். சந்தேகப்பட்ட தண்ணீரை ஊற்றி மறுநாள் பார்த்தால் போதும். மலக்கிருமி இருந்தால், அது விடுகிற வாயுவில் காகிதம் கறுத்துவிடும். புதுச்சேரிச் சூட்டுக்கு அடைகாக்கும் பெட்டிகூடத் தேவையில்லை என்று சிரிப்பாள். கெட்டிக்காரி!

போன மாசம் தெருவில் வீட்டுக்கு வீடு பேதி. பழி யார் தலையில் விழுந்தது? முனையில் கூழ் விற்கிற கமலவேணி தலையில்தான். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இனி இந்தத் தெருவில் வண்டி நிற்கக் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வண்டியை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"அக்கா, செத்த பொறு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத" என்றாள் லூர்துசெல்வி.

கமலவேணி காய்ச்சி வைத்திருந்த தண்ணீரில் ஒரு பாட்டில், தெருக்குழாயில் ஒரு பாட்டில். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் ஒன்று வேண்டுமே? கொஞ்சமும் யோசிக்காமல் தன் வீட்டு போர் தண்ணீரைப் பிடித்தாள். குழாய் வராத நாளில் தெருவே குடத்தோடு வருவது அவள் வீட்டுக்குத்தான். அதில் அவளுக்குக் கொஞ்சமென்ன, நிறையவே பெருமை.

மறுநாள் மற்ற இரண்டும் தெளிவாக இருந்தன. அவள் வீட்டு பாட்டில் கறுத்திருந்தது. நம்பாமல் மறுபடி செய்தாள். மறுபடியும் கறுத்தது.

"மாதாவே!" கொல்லையில் கக்கூஸ் தொட்டியை ஒட்டினாற்போலத்தானே போர் இருக்கிறது!

"சொல்லாத செல்வி" என்று கெஞ்சினார் புருஷன் தனிஸ்லாஸ். "மோட்டார் ரிப்பேருன்னு நிறுத்திடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"கமலவேணி அக்கா என்னா ஆவுறது?"

கேட்டபடியே பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

தெருமுனைக்குப் போய், பாட்டிலை வண்டிமேல் வைத்துத் தெருக்காரர்களைக் கூப்பிட்டாள். "இது எங்க வூட்டுத் தண்ணி. எல்லாருக்கும் வயித்தால போனது இதாலதான். அக்கா மேல தப்பு இல்ல. இனிமே எங்க வூட்ல புடிக்காதீங்க. குழாத் தண்ணியும் காய்ச்சிக் குடிங்க."

"எம் புள்ள ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏறிக் கெடக்குதுடி!" என்று ஒருத்தி பாய்ந்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லூர்துசெல்வி அழுதுகொண்டே அத்தனையையும் நின்று வாங்கினாள். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம், சொல்லுங்கள்!

கமலவேணி கரண்டியை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "என்னத் திட்டினவங்க மொதல்ல எங்கிட்ட மன்னிப்பு கேளுங்க. அப்புறமா இவளத் திட்டுங்க."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஏசுவதை நிறுத்திவிட்டார்கள்.