சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்

அந்த டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் வசனத் தாளில் மட்டும் விழ வேண்டும், நாடகம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில் ஆண்டு விழா என்றால் தொழிலாளர் நாடகம் கட்டாயம் உண்டு. வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் அண்ணன்தான் எங்களுக்கு பிராம்ப்டர். மேடையோரத் தட்டிக்குப் பின்னால், சைடு விங் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் முக்காலி போட்டு அந்த டார்ச்சோடு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பார்.

அதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். முதல் சொல்லை மட்டும்தான் கொடுப்பார். அதையும் நாமாகக் கேட்டால்தான். தோளில் கிடக்கும் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டால் வசனம் மறந்துவிட்டது என்று அர்த்தம். இதற்காகவே போலீஸ் வேஷக்காரனுக்கும் தோளில் ஒரு துண்டைப் போட்டு மேடையேற்றிய புண்ணியவான்கள் நாங்கள். ஒருமுறை நான் துண்டைத் தொடாமல் திருதிருவென்று விழித்தபடி நின்றேன். அவர் வாயே திறக்கவில்லை. இறங்கி வந்து சண்டைக்குப் போனேன்.

“ஏலே, நீ மறந்து நிக்கியா, நடிச்சு நிக்கியான்னு எனக்கு எப்படிலே தெரியும்? உன் வாயில இருக்கத நான் புடுங்கலாமா?” என்றார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் பேசுவது புரிகிறது. பதிலுக்கு ஒரு சொல் வரும், அதோடு நின்றுவிடும். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டுகிறார். கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்திருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா அம்மா இரண்டு பேரையும் கூட்டிப்போக வேண்டும் என்பது அவன் எண்ணம். நல்ல பையன், பாசத்தில் குறை சொல்ல முடியாது.

“எப்பா, எங்கூட வாரீகளா? உங்க வாயால சொல்லுங்க,” என்று கட்டிலருகே குனிந்து கேட்டான்.

அண்ணனின் உதடு துடித்தது. “நான்...” என்றார். அதற்குமேல் வரவில்லை.

“நான் வாரேன்னு சொல்லுதாக,” என்றான் மகன்.

“இல்லய்யா, வரலன்னு சொல்ல வாராக,” என்றார் அண்ணனின் மனைவி, மதினி. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. அம்புட்டு வருசம் கூட இருந்தீகள்ல, அவிய மனசுல என்ன இருக்கு?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மெல்லத் தூக்கி, தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர் கேட்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஆனால் முதல் சொல்லை அவரே சொல்லியாகிவிட்டது. அடுத்த சொல்லைப் பார்த்துச் சொல்ல என்னிடம் தாள் ஏது? “தெரியலயே மதினி,” என்றேன். அண்ணன் மறுபடியும் துண்டை இழுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகன் கூட்டிப்போய்விட்டான். வீட்டை ஒழிக்கும்போது கிடைத்தது என்று மதினி டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று பேட்டரி போட்டு அமுக்கிப் பார்த்தேன். எரிந்தது. சிவப்பு வெளிச்சம் என் வெறும் உள்ளங்கையில் விழுந்தது.