மிஷினுக்குப் பொட்டு வைத்த கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு சாமான் வாங்கும் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நானும் என் மகளும் மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் பாலம் தாண்டி மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்தாள். கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும். அவளுக்குத் தகடு அழுத்தும் மிஷின். கையால் தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே போகாதபடி முன்பக்கம் மஞ்சள் கம்பி வலையில் ஒரு மூடி இருக்க வேண்டுமாம். இருந்தால் வேலை ஓடாது என்று அதை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள் என்கிறாள் மகள்.

ஒருநாள் காலையில் அந்த இரும்பு அவள் வலது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"ம்மா, விரல் சுடுதும்மா."

"எந்த விரலு?"

"இல்லாத விரலு."

கையில் போட்டிருந்த கட்டுத்துணியின்மேல் வாயால் ஊதினேன். வேறென்ன செய்வது?

அந்த வாரமே பட்டறை சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். நம்மவர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"அம்மா, ஆளுங்க யாரும் அந்த மிஷின்கிட்ட போக மாட்டேங்கிறாங்க. சுவிட்ச அடைச்ச பிறகும் சத்தம் கேக்குதாம். ரத்தம் பாத்த மிஷின் லா, சாந்தி பண்ணாம தொட மாட்டோம்னு நிக்கிறாங்க. முதலாளி தவுக்கேயும் ஓகேன்னுட்டாரு. ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரி பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் வச்சு ஓட்டிடலாம். பொட்டு மட்டும் நீங்க வந்து வைக்கணும். அடிபட்ட வீட்டுப் பொம்பள வச்சாத்தான் அடங்கும்னு பூசாரி சொல்றாரு."

"சரி தம்பி" என்றேன். எனக்கும் அது அடங்க வேண்டும் என்றிருந்தது. அந்தச் சத்தம் இங்கே எங்கள் சமையலறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. டக்கென்று ஒன்று, பின்னால் ஸ்ஸ் என்று காற்று.

பட்டறையில் எல்லா மிஷினையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து வைத்திருந்தார்கள். பின்னால் ஆட்கள் பேசியது காதில் விழுந்தது.

"கிட்ட நிக்காதடா, இன்னும் பசி அடங்கல."

"உன்னைக் கடிச்சா அதுக்குத்தான் வயித்துவலி வரும் லா."

"டேய், அக்காவோட அம்மா நிக்கிறாங்க, வாய மூடு."

பூசாரி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். நான் மிஷினின் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைக்கப் போனேன்.

"அங்க இல்லம்மா, வாயில வைங்க. வாயில வச்சாத்தான் கட்டும்."

கையை உள்ளே விட்டேன். இரும்பு சில்லென்று இருந்தது. மகளின் விரல்கள் கடைசியாக இருந்த இடம். மேலே தொங்கிய இரும்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது போல் இருந்தது. சந்தனத்தை அப்பினேன், குங்குமம் வைத்தேன், கையை வெளியே இழுத்தேன். பிறகு ஓடவிட்டார்கள். தவுக்கே என்னைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டே வேனில் வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அரசாங்க அதிகாரிகள் பார்க்க வந்தார்களாம். அவர்கள் வந்தபோது மிஷினுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. முன்பக்கம் மஞ்சள் மூடி பளபளவென்று இருந்தது. மூடி எப்போதும் இருந்தது, அந்தப் பெண்தான் அவசரத்தில் அதைத் தூக்கிவிட்டுக் கையை விட்டாள் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"தூக்குறதுக்கு அங்க என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டுக்கேட்டு மகள் அழுதாள். கூட வேலை செய்தவர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர்தான் எடுத்தார். "அக்கா, என் வேலை பெர்மிட் அவங்ககிட்ட இருக்கு, என்னை விட்டுருங்க" என்று வைத்துவிட்டார்.

டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், ஏழைகளுக்கு வழக்கு பார்க்கும் லாயரிடம் போனோம். தலையில் முக்காடு போட்ட தமிழ் முஸ்லிம் பெண். மகள் வயதுதான் இருக்கும்.

"டாக்டர் ரிப்போர்ட் இருக்கு, நல்லது. அடிபட்ட அன்னைக்கு மிஷின் எப்படி இருந்துச்சுன்னு யாராச்சும் படம் எடுத்தீங்களா?"

"கை இந்த லட்சணத்துல இருந்தப்ப எதால எடுக்கிறது, காலாலயா?" என்றாள் மகள்.

லாயர் சிரிக்கவில்லை. "அதுக்கில்லக்கா. சாமி கும்பிட வேணாம்னு நான் சொல்லல. கழுவுறதுக்கு முன்னாடி படம் எடுக்கணும்னு யாராவது கேட்டிருக்கலாம். பக்கத்துல நின்னவங்க பேரை வாங்கி வச்சிருக்கலாம். அதைக் கேக்க உங்களுக்கு உரிமை இருந்துச்சு. கழுவி, பெயிண்டும் அடிச்சிட்டா, நாம சொல்றத யாரு நம்புவா?"

நான் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "நான்தான் மா பொட்டு வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"வாயில."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கை உள்ள போச்சா? நேரா முன்னாலயா?"

"போச்சு."

"மூடியைத் தூக்கி வச்சிருந்தாங்களா, இல்ல மூடியே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கோர்ட்ல இதைத்தான் கேப்பாங்க."

எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

அன்றிலிருந்து அந்த மிஷின் வாயை விட்டு நான் வெளியே வரவே இல்லை. அரிசிப் பானைக்குள் கை விட்டால் சில்லென்று இரும்பு தட்டுகிறது. லிஃப்ட் கதவு மூடும்போது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறேன். கண்ணை மூடினால் மிஷின் வாய் திறந்து நிற்கிறது. சில நேரம் அங்கே மஞ்சளாக ஒன்றும் இல்லை. சில நேரம் மேலே மஞ்சளாக ஏதோ தெரிகிறது. மூடியா, பூஜைக்குக் கொண்டுவந்த சாமந்தி மாலையா என்று உற்றுப் பார்ப்பதற்குள் டக்கென்று இறங்கிவிடுகிறது. மகள் இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள். "இருந்துச்சாம்மா, இல்லையாம்மா?" என்று அவள் கேட்பதில்லை. கேட்காமல் பார்க்கிறாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருப்பதாகத் தோன்றுகிறது. மாலையை மாட்ட இடமில்லாமல் பூசாரி கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மாட்ட ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார். யாரோ ஒருவர் ஒயர் கொண்டுவந்து அதை மிஷின் தூணில் கட்டினார். வலை மூடி இருந்திருந்தால் அதிலேயே மாட்டியிருப்பார்களே?

ஆனால் இதுகூட நான் ஆசைப்பட்டு உண்டாக்கிக்கொண்ட நினைவோ என்று பயமாக இருக்கிறது. கிழவிக்கு மறதி என்று எதிர் லாயர் சொல்வார். சொன்னால் அது பொய்யில்லை.

அன்றைக்கு அந்தப் பூஜையில் நின்ற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சரிபாருங்கள். மாலையை ஒயரால்தானே கட்டினார்கள்? நான் நேராக முன்பக்கமாகத்தானே கையை விட்டேன்? மூடி மேலே தூக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். என் மகளின் போனை ஒரு தடவை எடுத்தால் போதும்.