தராசு சேர்த்து வைத்த சோடி

எங்கள் இரண்டு பேரையும் சோடி சேர்த்தது உர மூட்டை நிறுக்கிற ஒரு பழைய தராசு.

கண்டியில் வீதியோர மரங்களைக் கவனிக்கிற வேலையில் அப்போது நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் மூன்று வாரத்துக்கு வந்திருந்தார். முதல் நாளே எல்லோரையும் தராசில் ஏறச் சொன்னார். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றிச் சொல்ல, கந்தோரிலிருந்து ஒரு கிளார்க் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரப் பெண்மணி.

"மேல ஒருத்தர் மயங்கிப் போனால் மற்றவர்தான் ஏறிப் போய் இறக்க வேணும். ரெண்டு பேரின்ர நிறையும் ஒத்து வந்தால்தான் அது லேசு. அதுக்குத்தான் பாக்கிறா," என்றார்.

என் நிறைக்குச் சரியாக வந்தவர் குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சிங்களவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நான் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இனக் கலவரத்தில் என் அண்ணன் வேலை செய்த தையல்கடையை எரித்தார்கள். அண்ணன் தப்பி வந்துவிட்டார். ஆனால் அதன்பிறகு டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டார். எரித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால் சிங்களவர் எல்லோர்மீதும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தேன். இப்போது அப்படிப்பட்ட ஒருவர் கையில் என் கயிற்றைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கொப்பு வெட்டியபோது எனக்குக் கயிறே தேவைப்பட்டதில்லை. வெறுங்காலோடு ஏறுவேன். கத்தி இடுப்பில் இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. அந்த வெளிநாட்டுப் பெண் முதல் வாரத்திலேயே அதை உடைத்தார். நான் வெறுங்காலோடு நாற்பதடி ஏறி இறங்கி, கைதட்டுவார் என்று பார்த்தேன். அவர் என் குதிகாலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இது எப்பிடி வந்தது எண்டு கேக்கிறா," என்றார் கிளார்க் அம்மா.

"ஒரு தடவை வழுக்கிருச்சுங்க."

"அப்ப ரெண்டாந்தரம் வழுக்கினால் என்ன செய்வீங்கள் எண்டு கேக்கிறா."

மறுநாள் சப்பாத்துப் போட்டேன்.

இடுப்பையும் தொடையையும் சுற்றி மாட்டுகிற வார், தலைக்கு ஹெல்மெட், மேலே உறுதியான கவட்டில் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற நீளக் கயிறு, அதில் பாரம் விழுந்ததும் இறுகிக்கொள்கிற முடிச்சு. வாளை எடுக்கும் முன்னால் மரத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ள இன்னொரு குட்டைக் கயிறு. வாள் தவறிப் பட்டாலும் அறுந்து போகாமல் அதற்குள்ளே இரும்புக் கம்பி ஓடும். வாள் கையில் இருக்கும்போது இரண்டு கயிறு கட்டாயம். மரத்தடியைச் சுற்றி நாடா கட்ட வேண்டும், ஹெல்மெட் இல்லாத ஒருவரும் அதற்குள் வரக்கூடாது. மேலே ஆள் இருக்கும்வரை கீழே நிற்கிறவர் இடத்தைவிட்டு நகரக்கூடாது. உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்றால் அன்று ஏறக்கூடாது. இவ்வளவையும் கிளார்க் அம்மா இரண்டு மொழியிலும் தன் கையால் எழுதி, படம் வரைந்து, ரோனியோ மெஷினில் நகல் எடுத்து ஆளுக்கொரு கொப்பியாகத் தந்தார்.

மூன்றாம் வாரம், ஆளை இறக்குகிற பயிற்சி. என் சோடிக்காரர் மிகத் தாழ்ந்த மரத்தைத் தேடிப் பிடித்து, எப்படியோ அதை முடித்தார். அன்று பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் பேச்சு முக்கால்வாசி சிங்களம், கால்வாசி தமிழ்.

"மல்லி, ஒண்ணு சொல்லணும். இருபதடிக்கு மேலே போனா எனக்குப் பயம். மரத்தைக் கட்டிக்கிட்டு நின்னுடுறேன். யார்கிட்டேயும் சொல்லாதே. வேலை போயிடும்."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆபத்து வந்தால் ஏறி வர வேண்டிய ஆளுக்கு ஏறப் பயம். நான் அப்போதே கிளார்க் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெருந்தன்மையால் அல்ல. ஒரு சிங்களவர் தன் பயத்தை என் கையில் தந்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் நாளாக நாளாக வேறொன்றாக மாறியது. கீழே நிற்பதில் அவரைப்போல ஒருவரை நான் பிறகு பார்த்ததே இல்லை. காலையில் முழுக் கயிற்றையும் விரல்களுக்கிடையில் ஓடவிட்டுச் சாண் சாணாகப் பார்ப்பார். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிப்பார். வெட்டிய கொப்பை அவர் இறக்கினால், கூரை ஓட்டில் பூனை நடந்த சத்தம்கூடக் கேட்காது. மதியம் என் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து பார்த்து, "உன் பெஞ்சாதிக்கு உப்பு இலவசமா கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுப் பலாக்காய்க் கறியில் பாதியை எனக்கு வைப்பார். நான் அவரை ஐயே என்று கூப்பிடத் தொடங்கினேன். அண்ணன் என்று அர்த்தம்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கண்டி டவுனில் குண்டு வெடித்த பிறகு, கயிறும் கொக்கியும் வாளும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழன் பஸ் ஏறுவது லேசான காரியமாக இல்லை. ஆமி செக்பொயின்றில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்வார்கள். ஆகவே ஐயே தினமும் அந்தப் பையைத் தானே குண்டசாலைக்குக் கொண்டுபோய்த் தானே கொண்டுவருவார். நான் கேட்டதில்லை. அவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஒரு நாள் கண்டிக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வகுப்பறைக் கூரைக்கு மேலே பெரிய மாரா மரத்தின் கொப்பு ஒன்று பட்டுப்போய் நின்றது. விடுமுறை நாள், பிள்ளைகள் இல்லை. நான் ஐம்பதடி உயரத்தில் கொப்பின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு மேல் வெட்டைத் தொடங்கியபோது கீழே ஆமி வாகனம் வந்து நின்றது. மரத்தின் மேலிருந்து பார்த்தால் பக்கத்து ஆமி முகாம் தெரியும் என்று யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜன்ட் ஒருவர் துவக்குத் தூக்கிய இரண்டு சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இறங்குடா!" என்று கத்தினார்.

ஐயே நாடாவுக்கு உள்ளே நின்றபடியே கையை நீட்டி அவரை மறித்தார்.

"சேர், உள்ளே வரவேணாம். ஹெல்மெட் இல்லாம யாரும் வரக்கூடாது."

"என்னடா சொல்றே?"

"கொப்பு பாதி வெட்டியிருக்கு சேர். இப்ப அவன் அவசரமா இறங்கினா, அது சேரின் தலையிலதான் விழும். பத்து நிமிஷம் குடுங்க, கட்டிட்டு இறங்குவான்."

சார்ஜன்ட் மேலே பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார். ஐயே என்னைப் பார்த்து வழக்கமான குரலில் கூப்பிட்டார்: "மல்லி, அவசரமில்லை. கொப்பைக் கட்டு. முடிச்சை ஒரு தடவை பாத்துட்டு மெதுவா வா."

அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கொப்பைக் கட்டினேன். இறங்கினேன். கால் தரையில் பட்டதும் என் கைகளைப் பின்னால் பிடித்தார்கள்.

அடையாள அட்டையில் என் பெயரையும் ஊரையும் பார்த்ததும் பொலிசுக்குக் கொண்டுபோக முடிவானது. ஐயேயைப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாகனத்தில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"உன்னை யார் கூப்பிட்டது?" என்றார் சார்ஜன்ட்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரு சோடி சேர். ஒருத்தனை மட்டும் விட்டுட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்லை."

பொலிஸ் நிலையத்தின் பெரியவர், பொறுப்பதிகாரி, பையைக் கொட்டச் சொன்னார். கொக்கிகளைப் புரட்டிப் பார்த்தார். "இது மதில் ஏறுகிற சாமான்தானே?" என்று என்னைக் கேட்டார். ஐயே முந்திக்கொண்டு, கிளார்க் அம்மா எழுதிய கொப்பியை எடுத்து, சிங்களப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். பெரியவர் நிதானமாகப் படித்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "இவ்வளவு சட்டமா ஒரு மரத்துக்கு?" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மோட்டார்சைக்கிள் கொட்டகைக்கு மேலே காய்ந்த கொப்போடு ஒரு மாமரம் நின்றது. முப்பதடி இருக்கும்.

"சொல்றது உண்மைன்னா ஏறிக் காட்டட்டும்."

நான் வாரை எடுத்து மாட்டப் பார்த்தேன். வார்ப்பூட்டுக்குள் பட்டியைச் செருக முடியவில்லை. ஐயே அதைப் பார்த்தார். என் கையிலிருந்து வாரை வாங்கினார்.

"இவன் இன்னைக்கு ஏறக்கூடாது சேர். கை நடுங்குது. சட்டத்தில அப்படித்தான் இருக்கு. நான் ஏறுறேன்."

"ஐயே, வேணாம்," என்றேன் தமிழில்.

"நீ கீழே நில்லு மல்லி. வாயை மூடாம பேசிக்கிட்டே இரு."

கயிற்றை நான்தான் மேல் கவட்டுக்கு எறிந்து கொடுத்தேன். அவர் ஏறினார். பத்தடி, பதினைந்தடி. இருபதுக்குக் கிட்டப் போனதும் நின்றுவிட்டார். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கொன்ஸ்டபிள்மார் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஐயே, கண்ணை மூடாதீங்க. உங்க முடிச்சை மட்டும் பாருங்க. முடிச்சு இறுகியிருக்கா?"

"இறுகியிருக்கு."

"காலையில கயித்தைப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"பிறகென்ன? நீங்க பாத்த கயிறு. கையை விட்டுட்டு உக்காருங்க."

அவர் ஒரு கையை விட்டார். பிறகு மற்றக் கையையும் விட்டார். வாரில் உட்கார்ந்து, காற்றில் தொங்கியபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கொன்ஸ்டபிள்மாரின் சிரிப்பு நின்றிருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பெண்சாதியின் பலாக்காய்க் கறி, பஸ் கொண்டக்டர் சில்லறை தராதது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் கை நடுக்கம் எப்போது நின்றது என்று கவனிக்கவேயில்லை. அவர் கவடுவரை போய், குட்டைக் கயிற்றைக் கட்டி, கைவாளால் அந்தக் காய்ந்த கொப்பை வெட்டினார். நான் அதைக் கயிற்றில் இறக்கினேன். கொட்டகைத் தகரத்தில் படவில்லை.

பெரியவர் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். கந்தோருக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டு, பொழுது சாயும் முன்னால் விட்டுவிட்டார். சார்ஜன்ட்டிடம் எங்கள் வேலையை மறிக்க வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஐயே கூட வராவிட்டால் அவர் அந்தக் கொப்பியைப் படித்திருப்பாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் ஐயே குடித்த தேத்தண்ணி முழுவதையும் வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

"வீட்டில சொல்லாதே," என்றார்.

"எதை? பொலிசையா, வாந்தியையா?"

"வாந்தியை."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வராத பஸ்ஸைத் திட்டினார்.

மறுநாள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கட்டியிருந்த கொப்பை இறக்கினோம். அன்று திரும்பும்போது நான் அவரிடம் சொன்னேன்: "ஐயே, இத்தனை நாளா நான் உங்க விஷயத்தை மறைச்சது தப்பு. எனக்கு ஏதாவது ஆனா நீங்க என்ன செய்வீங்க?"

"அதைத்தான் நானும் ராத்திரி முழுக்க யோசிச்சேன்," என்றார் அவர்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டசாலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பலா மரத்தில் பழகத் தொடங்கினோம். வாரத்துக்கு இரண்டடி கூட்டினோம். சில ஞாயிறுகளில் அந்த இரண்டடியும் கூடாது. பின்கட்டு வாசலில் அவர் பெண்சாதி கதிரை போட்டு உட்கார்ந்து, தேங்காய் துருவிக்கொண்டே பார்த்திருப்பார். முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு, காவலுக்கு ஓதுகிற பிரித் சொன்னார். இரண்டாம் மாதம், "அந்தப் பக்கத்தில ஒரு பழம் பழுத்திருக்கு, கண் தெரியலையா?" என்று கத்தத் தொடங்கினார்.

நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு, நான் மேலே மயங்கியவன் போலத் தொங்க, ஐயே நாற்பதடி ஏறி வந்து என்னைத் தன் வாரோடு கொளுவி இறக்கினார். வழி முழுக்க என் நிறையைப் பற்றி முறைப்பாடு. எனக்கு நிறை கூடிவிட்டதாம். தரைக்கு வந்ததும் உள்ளே போய், பெண்சாதியின் அரிசித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பத்துக் கிலோவுக்கு மேல் காட்டாது என்று பெண்சாதி எவ்வளவோ சொல்லியும் ஐயே கேட்கவில்லை.