தமிழ் தெரியாது என்றேன்

எனக்குத் தமிழ் தெரியாது என்று ஒருமுறை சொன்னேன். என் சொந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. அவர் பிழைப்பைக் கெடுக்கும்படி நான்கு வரிகள் எழுதியும் கொடுத்தேன்.

இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிகூட இது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். நீங்கள் யாரோ... அதனால்தான் சொல்ல முடிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் பார்த்துவந்த விரிவுரையாளர் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, ஜப்பானில் ஒரு சிறிய ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஓர் அரிசிக்கடையின் மாடியில் இருந்தது பள்ளி. ஹருக்கோ என்ற அம்மையார் நடத்தினார். ஒரு பல் மருத்துவர், இரண்டு குடும்பத் தலைவிகள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மாலையில் தொழிற்சாலை ஆட்கள். இவர்கள்தாம் என் மாணவர்கள்.

எவ்வளவு இனிமையான நாட்கள் அவை!

காலையில் வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போவேன். நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கும். அதில் வானம் கிடக்கும். எங்கள் ஊர்ச் சீவலப்பேரிச் சாலையில்தான் போகிறோமோ என்று சில கணம் மயங்கிவிடுவேன். பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினால், கீழிருந்து புது அரிசியின் வாசம் கூடவே ஏறிவரும். ஸ்டேஷன் மாஸ்டர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து கதவுக்கு வெளியே நிற்பார். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்ட பிறகுதான் உள்ளே வருவார். யார் எந்த ஊருக்குப் போய்வந்தாலும் காகிதத்தில் அழகாகச் சுற்றிய பலகாரம் ஒன்று என் மேஜையில் இருக்கும். கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த மேஜை தெரிகிறது.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மாணவருக்கு ஓர் அட்டை வீதம் ஆசிரியர் குறிப்பு எழுத வேண்டும். தொழிற்சாலை ஆட்களின் அட்டை அன்றைக்கே ஃபேக்ஸில் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

அந்த இனிய வாழ்க்கைக்கு அடியில் ஒரு பொய் இருந்தது. இளம் வயதில் நான் இங்கிலாந்தில் இரண்டு வருடம் படித்தவன். ஹருக்கோ அம்மையார் விளம்பரத் தாளில் 'ஆசிரியர் லண்டன்காரர்' என்று அச்சடித்துவிட்டார். என்னிடம் காட்டி, சரிதானே என்று கேட்டார். நான் சிரித்தேன்.

மறுத்திருக்கலாமே என்பீர்கள். திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்திருந்தால் அந்த நல்ல மனிதர்கள் என்னைவிட்டுப் போயிருப்பார்களா? தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன்... லண்டன்காரனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது!

அப்போதுதான் சுடலைமுத்து வந்தார்.

திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நூற்பு எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. புதிய எந்திரங்களைப் பழகிக்கொள்ள, அந்த ஊர்த் தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அவரை முதலாளி அனுப்பியிருந்தார். பயிற்சியை முடித்துத் திரும்பினால் ஃபோர்மேன் வேலை என்பது பேச்சு. வாரம் இரண்டு மாலை ஆங்கிலம் படிக்கட்டும் என்று தொழிற்சாலை அவரை எங்கள் பள்ளிக்கு அனுப்பியது.

அந்த முதல் மாலை. பயிற்சித் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எந்த மொழியைக் கற்பித்து என்ன? எண்ணும்போது வாய் சொந்த மொழிக்குத்தானே போகிறது!

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

முணுமுணுப்புத்தான். ஆனால் கடைசி நாற்காலியிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார்.

"சார்! நீங்க நம்ம பக்கமா? எண்ணுததக் கேட்டேன் சார், அந்த இழுவை நம்ம ஊரு இழுவைலா! தமிழ்க் கொரலு கேட்டு ரெண்டு மாசமாச்சு சார்!"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. வாசலில் ஹருக்கோ அம்மையார் தேநீர்த் தட்டோடு நின்றார்.

நீங்கள் பேசும் மொழி எனக்குத் தெரியாது, இங்கே ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெளாடாதிய சார்! திருநவேலில எங்கன? டவுனா, ஜங்ஷனா? நான் சீவலப்பேரி சார்!"

சொன்னதையே திரும்பச் சொன்னேன், இன்னும் கடுமையாக. அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அதுதான் கொடுமை...

அவர் மறுபடி வந்தால்? மறுபடி எழுந்து நின்றால்? அந்தப் பயத்தில் அட்டையை எடுத்தேன். வகுப்பில் தன் மொழியில் கூச்சலிடுகிறார். விதிகளுக்குப் பணிவதில்லை. ஆசிரியரிடம் தகாத உரிமை எடுத்துக்கொள்கிறார். பயிற்சிக்கு ஏற்றவரல்லர். நான்கே வரிகள். ஃபேக்ஸ் எந்திரம் அந்தத் தாளை மெல்ல உள்ளே இழுத்தது. பக்கத்தில்தான் நின்றேன். பிடித்து இழுக்க நேரம் இருந்தது!

அடுத்த வகுப்புக்கும் அவர் வந்தார். தலை நிமிராமல் எழுதினார். போகும்போது வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்: "தப்பா நெனச்சிக்கிடாதிய சார். ஆளு தெரியாமப் பேசிட்டேன்."

தமிழ் தெரியாதவனிடம் தமிழில் மன்னிப்பு!

பத்து நாளில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கு போதாதாம். ஹருக்கோ அம்மையார் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். நானும் வருந்தினேன்; லண்டன்காரனைப்போல.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபின், ஒரு சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் சீவலப்பேரிக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு கடிதம்: பட்டறை முதலாளிக்கு. அந்த நான்கு வரியும் பொய், சுடலைமுத்துமேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வாசலில் சுடலைமுத்துவின் மனைவி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானில் வாத்தியாராக இருந்தேன் என்றதும் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"ஏங்க, யாரு வந்திருக்காவன்னு பாருங்க! சப்பான் சார்லா வந்திருக்காவ!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலி போட்டார். காப்பி கொடுத்தார். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குளுரு காய்ச்சல்ல இவுக கெடந்தப்ப நீங்கதான் கஞ்சி வச்சுக் குடுத்தியளாம். அந்த ஊருல நம்ம பேச்சு பேச ஒரு மனுசராவது இருந்தியளே சார்..."

வாசல்படியில் சுடலைமுத்து நின்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சவில்லை. வாயை மூடச் சொன்னது.

காப்பியைக் குடித்தேன்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். "குளுரு ஒத்துக்கல, திரும்பிட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன் சார். வெரட்டிட்டாவன்னா அவ தாங்க மாட்டா. அதுலயும், நம்ம ஊரு ஆளே தெரியாதுன்னுட்டாருன்னு... அத எப்படி சார் வாயால சொல்ல?"

கடிதத்தை நீட்டினேன். நின்று, எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்தார்.

"நல்ல இங்கிலீஷு சார்." மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார். "அந்த ஃபோர்மேன் எடத்துக்கு எங்கூட்டாளி வந்துட்டான். மூணு பொம்பளப் புள்ளைய அவனுக்கு. இதக் காட்டி அவன எறக்கவா? வேண்டாம் சார். நீங்க கஞ்சி வச்சுக் குடுத்தவராவே இருந்துட்டுப் போங்க."

பஸ் வந்தது. "பைய ஏறுங்க சார்" என்று என் முழங்கையைத் தாங்கினார். திட்டியிருந்தால் இறங்கி நின்று கேட்டிருப்பேன்...

அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் அவர் மனைவி தெரிந்தவர் யாரிடமாவது ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்தனுப்புகிறார். நான் வைக்காத கஞ்சிக்கு! வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சுடலைமுத்து வீட்டில் சொன்ன பொய் உடையும். வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வருடமும் வந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு கட்டு எதற்கு? அக்கம்பக்கத்தில் கொடுக்கப் பிரித்து எண்ணினேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...

அதற்கு மேல் எண்ண முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ "சார்!" என்று துள்ளி எழுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.