மற்றப் பாதி நாள்

நான் நான்காம் ஆண்டு படித்தபோது அம்மாவுக்கு நாவலப்பிட்டிப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போனால் வீடு திரும்ப மாலையாகிவிடும். அப்பா கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலிருந்த ஒரு புடைவைக் கடையில் பதினைந்து வருடமாக வேலை செய்துவந்தார். அந்த மாதத்திலிருந்து அவர் காலையில் மட்டும் கடைக்குப் போனார். ஒன்றரை மணிக்கு என் பாடசாலை வாசலில் குடையோடு நின்றார்.

எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. அப்பா பருப்பைத் தீய்த்துவிட்டு, "இன்னைக்குப் புது ருசி" என்பார். என் சட்டைகளை விற்பனைக்கு வைப்பதுபோல் விளிம்பு பிசகாமல் மடித்து அலுமாரியில் அடுக்குவார்.

என் மகிழ்ச்சியைக் கெடுத்தவள் வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி.

"அரை நாள் வேலைன்னா பாதி நிப்பாட்டியாச்சுன்னு அர்த்தம். அடுத்து முழுசா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எங்க மாமாவுக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றாள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கடிதம் எழுதினேன். சனிக்கிழமை தீபாவளிச் சட்டைத் துணி வாங்க அம்மா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனபோது, நேராக முதலாளியிடம் போய் அதை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கடை முழுதும் கேட்கும்படி வாசித்தார்.

"மதிப்புக்குரிய முதலாளி மாமா, என் அப்பா களவெடுக்க மாட்டார். பிந்தி வர மாட்டார். தயவுசெய்து அவருடைய மற்றப் பாதி நாளையும் திருப்பிக் கொடுங்கள்."

கடையே சிரித்தது. முதலாளி கைபேசியில் கடிதத்தைப் படமெடுத்துக்கொண்டார்.

"நான் எங்கேம்மா எடுத்தேன்? ஒங்கப்பாதானே வேணாம்னு வந்து நின்னாரு!" என்றவர், காது சிவக்க நின்ற அப்பாவிடம் திரும்பினார். "பிள்ளையே கேக்குதே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திங்கக்கிழமையிலேருந்து முழு நாளும் வாங்க. மேல் மாடிப் பொறுப்பு ஒங்களுக்குத்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எனக்காகப் பிடித்து எடுத்திருந்த ரோஸ் நிறத் துணியை விரலால் நீவினார்.

"இல்லங்க முதலாளி. பிள்ளைய ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரணும். இப்படியே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் அரும்பாடுபட்டு வாங்கிக் கொடுத்ததை இந்த மனிதர் நின்ற நிலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாரே!

அப்போது மாடிப்படியில் ஓர் இளைஞர் எட்டிப் பார்த்தார். துணி மடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் கற்றவர். அவர் இடுப்பில் மேல் மாடிச் சாவிக்கொத்து தொங்கியது.

"அண்ணே, அந்தத் துணிக்கட்ட கொஞ்சம் மேல கொண்டு வாங்க" என்றார்.

"இந்தா வந்துட்டேன்" என்று அப்பா துணிக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சாவி வைத்திருப்பவரே அப்பாவை அண்ணே என்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. அதைச் சொல்லத் திரும்பினேன். அம்மா அந்த ரோஸ் நிறத் துணியை முகத்துக்கு நேரே தூக்கி, அதில் ஏதோ இழை பிசகியிருப்பதுபோல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு துணி எடுக்கலாமா என்று கேட்டேன்.